விரதத்தோடு ஏறிய மேடை

ஈப்போவில் என் மகள் படிக்கும் பாலர் பள்ளியின் ஆண்டு விழாவில், பெற்றோர் சார்பில் நன்றியுரை சொல்ல என்னை அழைத்தார்கள். மேடை என்றாலே எனக்கு நடுக்கம். மகள் ஆசைப்பட்டதால் ஒப்புக்கொண்டேன்.

உளறாமல் பேச வேண்டுமென்று முருகனிடம் வேண்டிக்கொண்டு, அன்று காலையிலிருந்து விரதம் இருந்தேன். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவள் பட்டினி கிடக்கலாமா என்று யோசித்தேன். வேண்டிக்கொண்டதை மாற்றினால் குற்றமாகுமோ என்றும் பயந்தேன். பதற்றம் அடங்கட்டும் என்று பால் சேர்க்காத கோப்பி ஓ மட்டும் குடித்தேன்.

மண்டபத்தில் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. எல்லாம் பயம்தான் என்று நினைத்து, இறங்க மறுத்த குழந்தையை இடுப்பில் வைத்தபடியே மேடைப் படியேறினேன். கண் இருட்டியது, குழந்தையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பின்னால் வந்த ஆசிரியை எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“சாப்பிட்டீங்களாக்கா?”

“விரதம், டீச்சர்.”

“பால் குடுக்கிற அம்மாவ எந்த சாமி பட்டினி கிடக்கச் சொல்லுச்சு? முதல்ல இந்த மைலோவ குடிங்கலா. மைக் எங்கயும் ஓடிப்போவாது.”

பிள்ளைகளின் நடனத்தை என் பேச்சுக்கு முன்னால் மாற்றினார்கள். மைலோவும் பிஸ்கட்டும் உள்ளே போனதும் நடுக்கம் பாதி அடங்கியது. மீதி நடுக்கத்தோடு பேசி முடித்தேன். மகள் முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினாள்.

இப்போதெல்லாம் பேச வேண்டிய நாளில் நன்றாகச் சாப்பிட்டு, படபடப்பைக் கூட்டும் கோப்பியைத் தவிர்த்து, குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டே மேடைக்குப் போகிறேன். முருகனுக்கு விரதத்துக்குப் பதில் ஓர் அர்ச்சனை. அது போதுமா என்று சில சமயம் தோன்றும். அப்போது, அந்தப் படியில் என் கையிலிருந்து நழுவப் பார்த்த குழந்தையை நினைத்துக்கொள்வேன்.