செல்வியின் ஆறாவது வாரம்

என் கணவர் இறந்து பதினோரு மாதம் நான் கேட்டைத் தாண்டவில்லை. அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். மாரடைப்பில் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுமாதம் பால் வாங்கக் கேட்டுவரை வந்தேன். வண்டியை எடுத்த எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய், தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் புறப்பட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். அதோடு சரி. பருத்திப்பட்டு ஏரியைக்கூட மொட்டை மாடியிலிருந்துதான் பார்ப்பேன்.

விளக்கேற்றும்போது மட்டும் மாங்காட்டு அம்மனிடம் அழுவேன். நானாக வர எனக்குத் தைரியமில்லை தாயே, நீயே கூப்பிடு என்று.

பக்கத்து வீட்டுச் செல்விக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தையில்லை. ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைத்து அம்மனை வேண்டிக்கொண்டிருந்தாள். கொடுக்கும் பழத்தில் ஒன்றைத் திருப்பித் தருவார்கள். அதையும் அடுத்த வாரம் கொண்டுபோக வேண்டும். ஆறாவது செவ்வாய்க்கிழமை காலையில் அழுதுகொண்டே வந்து வாசலில் நின்றாள். அன்றைக்கென்று தூரமாகிவிட்டாள். வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

"அக்கா, சாமி ரூம்ல பழம் கீது. நான் தொடக் கூடாது. நீ எத்துகினு போய் அம்மனாண்ட குடுத்துட்டு வா."

பிள்ளை வரத்துக்கு என் கையாலா என்று கேட்டேன்.

"உன் கைக்கு இன்னாக்கா கொறச்சல்?"

பழத்தைத் தொடக் கூடாதவள் அவள். எதிரே வரக் கூடாதவள் நான். நல்ல ஜோடி! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குளித்துவிட்டுப் புறப்பட்டேன். பூந்தமல்லியில் பஸ் மாறினேன்.

சன்னிதியில் குருக்கள் பழத்தை வாங்கினார், அம்மன் காலடியில் வைத்தார், ஒன்றை என் கையில் திருப்பிக் கொடுத்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். என் கணவர் போனபிறகு மனசு லேசாகி அழுதது அன்றுதான்.

இப்போது ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். செல்விக்கு இன்னும் பிறக்கவில்லை. அம்மன் கொடுப்பாள், அவளுக்காக நான் வாராவாரம் போகிறேன்.

என்னைப்போல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, அம்மனிடம் கேளுங்கள். யாரையாவது உங்கள் வாசலுக்கு அனுப்புவாள். அப்போது தலைவலி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கு நானும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.