கோமதி டீச்சருக்குச் சுகர் இல்லை

காலை பிரேயர் முடிந்து ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "நம் பள்ளிக் கணித ஆசிரியை திருமதி கோமதி அவர்கள் சர்க்கரை நோயின் பாதிப்பால் காலமானார்." கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. கோமதி டீச்சருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை.

பசுமலையில் ஒரே பள்ளியில் பணியாற்றினோம். அவர் கணக்கு, நான் அறிவியல். மதியம் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை போடுவார். கேட்டால் "சுகர்" என்பார். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிறந்தநாள் கேக், கோயில் சர்க்கரைப் பொங்கல், பெருநாளுக்கு நான் கொண்டுபோகும் சேமியா பாயசம் எல்லாவற்றையும் தள்ளிவைப்பார்.

ஒருநாள் ஆய்வக அலமாரிக்குப் பின்னால் நின்று மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தார். "டீச்சர், சுகர் ஏறிரும்!" என்று பதறிப் பிடுங்கப் போனேன். அவர் வாய் நிறைய இனிப்போடு சிரித்தார்.

"எனக்குச் சுகரும் இல்ல, ஒண்ணும் இல்ல பானு. இது மனசுக்குப் போடுற மாத்திரை. வெளிய தெரிஞ்சா எம் மகளை எவன் கட்டுவான்?"

மகள் யாழினி பிறந்த கையோடு அவருக்கு மனநோய் கண்டிருக்கிறது. உறக்கமில்லாமல் நாட்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தாராம். புகுந்த வீட்டார் பேய் என்று வேப்பிலை அடித்தார்கள். பிறகு கணவரும் கைவிட்டார். டாக்டர் கொடுத்த மாத்திரைதான் அவரை எழுந்து நிற்க வைத்தது. அண்ணன் அழைத்துவந்து பழங்காநத்தத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் நோயைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"யாழினி கல்யாணம் மட்டும் முடியட்டும் பானு. அப்புறம் பாரு, நானே மைக்கைப் பிடிச்சு ஊருக்கே சொல்லிப்புடுறேன்" என்பார் டீச்சர்.

கல்யாணம் நிச்சயமானது. அந்த நேரத்தில் டீச்சருக்கு ஓயாத வாந்தி, வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் சேர்த்தார்கள். நடந்ததைப் பிறகு யாழினிதான் என்னிடம் சொன்னாள். டாக்டர் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பழப்பையோடு அறையில் நின்றார்களாம்.

"இவங்க வழக்கமா என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"சுகர் மாத்திரைதான் சார்" என்றார் அண்ணன். யாழினி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். மாமா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு டாக்டர் மறுபடியும் வந்து கேட்டார். மறுபடியும் அதே பதில். உடம்பில் நீர் வற்றும்போது டீச்சர் சாப்பிட்ட அந்த மாத்திரை ரத்தத்தில் விஷம்போல் ஏறுமாம். அவருக்கு நினைவு தப்பிய பிறகு யாழினி மாமாவின் கையை உதறிவிட்டு உண்மையைச் சொன்னாள்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றாராம் டாக்டர்.

பிரஷர் மாத்திரையைப் பற்றிப் பந்தியில் உட்கார்ந்து பெருமையாகப் பேசுகிற ஊர் இது. நெஞ்சு ஆபரேஷன் தழும்பைச் சட்டையை விலக்கிக் காட்டுகிறார்கள். மனநோய் என்றால் மட்டும் என்ன கேவலம்? மூளை என்ன பக்கத்து வீட்டிலா இருக்கிறது? ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு ஓர் உயிரைப் பறிகொடுத்துவிட்டு, இரங்கல் செய்தியிலும் அதே பொய்யை எழுதுகிறோம்.

பதினாறாம் நாள், டீச்சருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்தார்கள். "இனிப்பு மட்டும் வேணாம்த்தா, அவளுக்குத்தான் சுகராச்சே" என்றார் ஓர் உறவுக்காரப் பெண்மணி.

யாழினி எழுந்தாள். மைசூர்பாகுப் பெட்டியைப் பிரித்து அப்படியே இலையில் கவிழ்த்தாள். மாப்பிள்ளை வீட்டாரும் அங்கேதான் இருந்தார்கள்.

"எங்கம்மாவுக்குச் சுகர் இல்ல. மனநோய் இருந்துச்சு, மாத்திரை சாப்பிட்டாங்க. அம்புட்டுத்தான். அதை மறைச்சு மறைச்சுத்தான் அவங்களைச் சாகவிட்டோம்."

மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் தாயார் எழுந்து வெளியே போனார், பின்னாலேயே மாப்பிள்ளையும் போனான். போகட்டும்.

நான் கொண்டுபோயிருந்த சேமியா பாயசத்தை மைசூர்பாகுக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர். உங்கள் மகள் ஊருக்கே சொல்லிவிட்டாள். இனி அலமாரிக்குப் பின்னால் நின்று தின்ன வேண்டியதில்லை.