ஓட்டைக் காலணாவுக்குத் திறந்த கதவு

1. திறப்பு நாள்

நான் செய்த காசுப் பூட்டு, திறப்பு நாளன்றே திறக்கவில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், பெண்கள் கக்கூஸ் வாசலில், சந்தைக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. அப்போது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். நான் ஒரு லேத் பட்டறையில் பிட்டர்.

ஸ்டாண்டு ஒரு பஸ் முதலாளிக்குச் சொந்தம். கக்கூஸுக்குக் கட்டணம் காலணா. சாவி, காவல்காரன் முத்தையாவின் இடுப்பில் தொங்கும். பெண்கள் போய்க் கேட்டால், "செத்த நில்லு தாயி, அப்படி என்ன அவசரம்?" என்று நாலு ஆண்கள் காதில் விழும்படி சொல்லிச் சிரிப்பான். திருச்சுழி, வீரசோழன் பக்கம் சேலை விற்கப் போய்வரும் நாகம்மாதான் ஒருநாள் முதலாளி முன்னால் போய் நின்றார். அவருடையது வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம்.

"உள்ள போகக் காசு தாரோம் மொதலாளி. அதுக்கு மேல ஒரு ஆம்பளைகிட்ட எதுக்குக் கெஞ்சணும்?"

முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஏப்பா, ஆளே இல்லாம, காசு போட்டாத் தெறக்குற பூட்டு செய்ய முடியுமா?"

மதுரையில் வேலை பழகியபோது, காசு போட்டால் எடை காட்டும் மிஷின் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருந்தேன். அந்தத் தைரியத்தில் "முடியும்" என்றேன். பழைய செம்புக் காலணாவின் கனத்தில் ஒரு லீவர் சாயும், தாழ்ப்பாள் விடுபடும். பட்டறையில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

சந்தை நாளில் நாகம்மா முதல் ஆளாகக் காசு போட்டார். லீவர் அசையவில்லை. அவர் போட்டது புதிதாக வந்த ஓட்டைக் காலணா. நடுவில் பெரிய துளை; பழையதில் பாதிக் கனம்கூட இல்லை. செம்புக் காசு கண்ணில் படுவதே குறைந்துவிட்டது. பெண்கள் முந்தானையில் முடிந்து வந்ததெல்லாம் ஓட்டைக் காசுதான். இது பட்டறைக்குள்ளேயே கிடந்த எனக்கு உறைக்கவில்லை.

முத்தையா சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். "கடைசியில நாந்தான் வேணும், பாத்தீகளா?"

நாகம்மா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அடுத்த சந்தைக்குள்ள சரியாகலேன்னா களட்டிட்டுப் போயிரு" என்றார் முதலாளி. "சாவி முத்தையாட்டயே இருக்கட்டும்."

2. இரண்டு இரும்புத் துண்டு

லீவரை அரத்தால் ராவி மெலிதாக்கினேன். காசே போடாமல், கதவைத் தட்டினாலே திறந்துகொண்டது. மூன்று நாள் இதிலேயே போனது. நாலாம் நாள் நாகம்மா பட்டறைக்கே வந்துவிட்டார். கனம் போதாத சங்கதியைச் சொன்னேன்.

"கனமில்லாட்டிப் போகுது. அகலம் இருக்குல்ல அண்ணே?" என்றார். மேசையில் கிடந்த இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவில் ஓட்டைக் காசைப் படுக்கவைத்து, ஒன்றைத் தள்ளினார். மற்றதும் நகர்ந்தது.

நான் லீவரைக் கழற்றித் தூர எறிந்தேன். குமிழுக்கும் தாழ்ப்பாளுக்கும் இடையில், காசின் அகலத்துக்குச் சரியாக ஒரு சந்து விட்டேன். காசில்லாமல் திருகினால் குமிழ் சும்மா சுற்றும். காசு விழுந்தால் சந்து அடைபடும். குமிழ் காசைத் தள்ள, காசு தாழ்ப்பாளைத் தள்ளும்; கதவு திறந்ததும் காசு கீழே பெட்டியில் விழுந்துவிடும். உள்ளேயிருந்து வெளியே வரக் காசே வேண்டாம்.

3. அடுத்த சந்தை

இந்தத் தடவையும் நாகம்மாதான் முதலில் வந்தார். காசைப் போட்டுக் குமிழைத் திருகினார். 'டக்'கென்று கதவு திறந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் வாசலில் ஒரே சிரிப்பும் கும்மாளமும். எம்.ரெட்டியபட்டியிலிருந்து சந்தைக்கு வந்த பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு 'டக்'குக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. யாரும் முத்தையா பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம் முதலாளி அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, பஸ் மேலே லோடு ஏற்ற அனுப்பிவிட்டார்.

"திருச்சுழிக்கும் ஒண்ணு செஞ்சிரு" என்றார் என்னிடம்.

நாகம்மா எதிர்த்த கடையில் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு வந்தார். "பஸ்ஸு ஏறுற அன்னைக்குத் தண்ணியே குடிக்க மாட்டோம்ணே. இன்னைக்குத்தான் வயிறாரக் குடிச்சேன்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ மிஷின் செய்தேன். எந்த வேலை வந்தாலும், அதைப் புழங்கப் போகிறவர்களை முதலில் பட்டறைக்கு வரச் சொல்லி, அவர்கள் பேச்சைக் கேட்ட பிறகுதான் இரும்பைத் தொட்டேன்.