புகை ஆகாதவள்

கல்யாணம் பேசும்போது எதையெல்லாமோ விசாரித்தார்கள். என்ன கூட்டம், எது குலசாமி, கட்டுத்தறியில் எத்தனை உருப்படி மாடு, கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று என் அப்பா புதுச்சத்திரம் தாண்டி அந்த ஊர் வரைக்கும் நடந்தே போய்க் கேட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளை சுருட்டுப் பிடிப்பாரா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்கள் புகையிலை போடுகிற குடும்பம். கிணறு உப்பாக இருந்ததே அவர்களுக்குப் பெருமை, அந்தத் தண்ணீருக்குத்தான் இலையில் காரம் ஏறும்.

எனக்கோ சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அடுப்புப் புகையே ஆகாது. வைக்கோல் தூசி பட்டாலும் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று கத்தும். அதை எங்கள் வீட்டில் ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் எவன் கட்டுவான்? இரண்டு பக்கமும் கமுக்கமாக இருந்து எங்களை ஒரே வீட்டுக்குள் தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் நல்லவர். ஒரு நாளும் என்மேல் கை ஓங்கியதில்லை. எருது பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து சாப்பிடுவார், வாசற்படியில் சாய்ந்துகொள்வார், தன் தோட்டத்து இலையில் தானே சுருட்டிய சுருட்டைப் பற்றவைப்பார். அவ்வளவுதான், எனக்கு மூச்சு நின்று நின்று வரும். முதல் மாதம் மசக்கை என்றார்கள். அது இல்லையென்று தெரிந்ததும் காத்துக் கருப்பு என்றார்கள். மாமியார் என்னை மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மந்திரக்காரன் வாயிலும் ஒரு சுருட்டு. என் முகத்துக்கு நேரே ஊதி ஊதி மந்திரித்தான். நான் கண் செருகி இருமியதைப் பார்த்து, “போகுது பாருங்க, போகுது பாருங்க” என்றான். அவனை அன்றைக்கே நாலு அறை அறைந்திருக்க வேண்டும்.

அவருக்குத்தான் விஷயம் முதலில் புரிந்தது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டுத்தறியில் போட்டுக்கொண்டார். மாடுகளுக்குப் பக்கத்தில் படுக்கை. சோற்றை நான் எட்டி வைத்துவிட்டு வருவேன். கொய்யாத் தழையை மென்று துப்பிவிட்டு எப்போதாவது உள்ளே வருவார். அப்படியும் மேலெல்லாம் சுருட்டு வாடை இருக்கும். வந்தால் எரிந்து விழுவேன். போய்விட்டால் உட்கார்ந்து அழுவேன். “இவ கூடவும் இருக்கமாட்டா, உட்டுட்டும் போகமாட்டா” என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதான்.

நாலைந்து வருஷம் இப்படியே ஓடியது. குழந்தை இல்லை. எப்படி இருக்கும்? மாமியார் தன் அண்ணன் வழியில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார். ஒருநாள் காலையில் என் காதில் விழும்படியே மகனிடம் சொன்னார்.

“தெக்காலத் தோட்டத்துப் புள்ளயப் பேசி வெச்சிருக்கறேன். அவிக ஊட்டுல எல்லாரும் சுருட்டுத்தான். நீ நிம்மதியா ஊதிக்கிட்டு ஊட்டுக்குள்ளயே இருக்கலாம்.”

அவர் எருதுகளை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் துணிமணியை மூட்டை கட்டி வைத்தேன். என்னை விரட்டுவதற்கு முன் நானே போய்விட வேண்டும் என்ற ரோஷம் எனக்கு.

அடுத்த வாரம் கருப்பனார் கோயில் பூசை. எங்கள் பக்கம் கருப்பனுக்குச் சுருட்டும் படைப்பார்கள். எல்லோரும் ஒன்றிரண்டு வைத்தார்கள். இவர் ஒரு கட்டுச் சுருட்டை அப்படியே கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்தார். “இனி இது உனக்குத்தான் சாமி. எனக்கு வேண்டாம்” என்றார். ஊரே பார்த்தது. சாமிக்குக் கொடுத்ததைத் திரும்பத் தொடக்கூடாது. மாமியார் அதற்குப் பிறகு அந்தப் பெண் பேச்சை எடுக்கவில்லை. கட்டில் வீட்டுக்குள் வந்தது. நான் கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்தேன்.

லேசாக விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பூட்டிய எருதுகளை வைவார். கோரைத் தண்டைக் கடித்துக் கடித்து உதடெல்லாம் புண். சும்மா உட்கார்ந்திருக்கும்போது விரல்கள் தானாக இல்லாத இலையை உருட்டும். எனக்குப் பாவமாக இருக்கும். சந்தோஷமாகவும் இருக்கும். சந்தோஷம்தான் அதிகம். என் ஆயுசில் நான் வாழ்ந்தது என்றால் அந்த இரண்டு வருஷம்தான்.

பிறகு அந்தப் பக்கமெல்லாம் வாந்திபேதி வந்தது. ஒரே நாளில் அவரைக் கீழே தள்ளிவிட்டது. கண் குழிந்து, குரல் போய், துணி மாதிரி கிடந்தார். விரல் மட்டும் உருட்டிக்கொண்டே இருந்தது. நானும் மாமியாரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தாங்கவில்லை.

“ஏனுங்க, ஒண்ணு பத்த வெச்சுத் தரட்டுங்களா? சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றேன்.

தலையை ஆட்டினார். “வேண்டாம் புள்ள. உனக்கு ஆகாது” என்று காற்றுக் குரலில் சொன்னார். பொழுது விடிவதற்குள் போய்விட்டார்.

காரியத்தன்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்தார்கள். சுருட்டு வைப்பதா வேண்டாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. சாமிக்குக் கொடுத்ததைச் செத்தவனுக்கு வைக்கலாமா என்றார் அவருடைய பெரியப்பா.

மாமியார் ஒரே பிடியாக நின்றார். “எம் பையன் சாகறப்பக்கூட வெரல உருட்டிக்கிட்டுக் கெடந்தானுங்க. அந்த ஆசையோட அவன் போகக்கூடாது. கருப்பன் கோவிச்சா என்னையக் கோவிச்சுக்கட்டும்.”

பற்றவைத்து இலை ஓரத்தில் வைத்தார்கள். படைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவது வழக்கம். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவாராம். மூலையில் உட்கார்ந்திருந்த என்னையும் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. தாலி அறுத்தவளை யார் இழுத்துக்கொண்டிருப்பது? கிடக்கட்டும் என்று கதவைச் சாத்தினார்கள்.

நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருவார் என்று நம்பினேன். சோறு ஆறியது. சுருட்டுப் புகை மெல்லிசாகிக்கொண்டே வந்தது. யாராவது இழுத்தால்தானே அது எரியும்? நுனியில் சாம்பல் மூடி அணையப் போனது. நகர்ந்து போய் எடுத்து, என் வாயில் வைத்து இழுத்தேன். நெஞ்சு அடைத்துக்கொண்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமினேன். மறுபடி இழுத்தேன். அவர் வருகிற வரைக்கும் நெருப்பு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் புத்தியில் இருந்தது. இழுத்து இழுத்து விரலைச் சுடும் அளவுக்கு வந்துவிட்டது. அவர் வரவில்லை. துண்டை இலையில் வைத்துவிட்டு மூலைக்கே போய்விட்டேன்.

கதவைத் திறந்ததும் மாமியார் நேராக இலையைத்தான் பார்த்தார். “பெரியவரே, வந்து பாருங்க. சோத்தத் தொடல, சுருட்டு முச்சூடும் புடிச்சுட்டுப் போயிருக்கறான்” என்று அழுதார். எல்லோரும் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் புகை ஆகாது என்பது ஊருக்கே தெரியும். ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை.

மாமியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“நீ இங்கதான இருந்த அம்மிணி. பாத்தியா எம் பையன?”

மூச்சு வாங்கியது.

“பாத்தனுங்க அத்தை” என்றேன்.