கல்லுக்கு இந்தப் பக்கம்

பெரம்பலூரைத் தாண்டி பஸ் நின்றதும் கொதிக்கும் தாரின் வாடை வந்தது. 1940களில், இதே ரோட்டோரம் இருந்த எங்கள் பருத்திக் கொல்லையில் சர்வேக்காரர்கள் நட்ட கற்களிலும் இதே வாடைதான். தாரால் போட்ட எண்கள் வெயிலில் இளகி என் பாவாடையில் ஒட்டும்.

"நாளப்பின்ன ரோட்டை அகலமாக்க இந்த எடம் வேணும். கல்லுக்கு இந்தப் பக்கம் கெணறு கிணறு வெட்டிப்புடாதீங்க" என்று ஓவர்சியர் சொன்னபோது, அங்கேதான் எங்கள் கிணறு பாதி இறங்கி, ஊற்றுக்கண் திறந்து, ஈரமண் மணந்துகொண்டிருந்தது.

"சர்க்காரு சொன்னா சொன்னதுதான்" என்று அப்பா தோண்டிய மண்ணையே தள்ளி அதை மூடினார்.

நட்ட கல்லெல்லாம் எங்களுக்குச் சாமிதானே. அம்மா வெள்ளிதோறும் அவற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டு, குடத்தோடு ரோட்டைத் தாண்டி பண்ணையார் கிணற்றுக்குப் போய், அவர்கள் இறைத்து முடிக்கும்வரை வெயிலில் நின்று, தளும்பத் தளும்பத் திரும்பி வருவாள். அப்போதும் கல்லைக் கடக்கையில் ஒற்றைக் கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

இன்று இறங்கிப் பார்த்தேன். ரோடு அகலமாகிறது, எதிர்ப்பக்கமாக. பண்ணையார் கிணற்றில் லாரி மண்ணைக் கொட்டுகிறது. எங்கள் பக்கம் ஒரு மண்வெட்டிகூட விழவில்லை.

அம்மா கும்பிட்ட கல்லைக் காலால் உதைத்தேன். அசையவில்லை. ஆழமாகத்தான் நட்டிருக்கிறார்கள்.