ஏறாமல் நின்றவர்கள்

போட்டி பற்றிய அறிவித்தல் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது பலர் கட்டைவிரலைப் போட்டுவிட்டுக் கடந்து போனார்கள். நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு எழும்பி நடக்கத் தொடங்கினேன். மனதில் ஒன்று விழுந்துவிட்டால் எனக்குக் கதிரையில் இருக்க ஏலாது. குசினிக்கும் முன்வாசலுக்குமாக நடப்பேன். புல்மோட்டையில் வேலை செய்யும் என் கணவர் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால், என் நடையைப் பார்த்தே "இந்தக் கிழமை என்ன?" என்று கேட்பார்.

போக்குவரத்துப் புள்ளிவிபரங்களைச் செம்மைப்படுத்த வேண்டும், அதற்கு இதுவரை யாரும் பயன்படுத்தாத ஒரு தரவைக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் போட்டி. சிறு குழு போதும். தெரிவானால் கொழும்பில் நடுவர்கள் முன்னால் விளக்க வேண்டும்.

திருகோணமலையில் மாவட்டப் புள்ளிவிபரங்களைத் தொகுக்கும் பிரிவொன்றில் நான் வேலை செய்கிறேன். போக்குவரத்து அட்டவணை என் பொறுப்பு. எத்தனை பஸ்கள் ஓடின, எவ்வளவு தூரம் ஓடின, எத்தனை பேர் ஏறினார்கள் என்று வருகிற எண்களைச் சரிபார்த்து, கூட்டி, மேலே அனுப்புவேன். அந்த அட்டவணையில் ஏதோ குறைகிறது என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

சொன்னவள் அடுத்த மேசைக்காரி. என்னைவிட நன்றாக வயது குறைந்தவள், கணினியில் கெட்டிக்காரி. மூதூரிலிருந்து பாலங்களைக் கடந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள் என்பதால் அவளை எல்லோரும் மூதூர்த் தங்கச்சி என்போம். ஒரு நாள் நன்றாக வெயில் ஏறிய பிறகு வந்து, கைப்பையை மேசையில் போட்டாள்.

"மட்டக்களப்பு பஸ் நிக்காமப் போயிட்டான் அக்கா. அடுத்ததும் நிக்கல்ல. வாப்பாதான் மோட்டர் சைக்கிள்ள கிண்ணியா வரைக்கும் கொண்டுவந்து விட்டார்."

"நிரம்பி வந்திருக்கும்."

"ஓம், நிரம்பித்தான். உள்ளுக்கு இருந்த ஆக்கள் உங்கட அட்டவணையில வருவாங்க. நான் நிண்டது எங்க வரும்?"

அதுதான். ஏறியவர்களை மட்டுமே நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். ஏறாமல் நின்றவர்களுக்கு எந்த நிரலும் இல்லை. அவர்களை வைத்துப் பார்த்தால்தான் எந்தத் தெருவில் எந்த நேரம் பஸ் போதாது என்பது விளங்கும். அன்று மத்தியானமே இருவரும் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினோம்.

முறை எளிமையானது. ஒரு தொலைபேசி எண். பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர் வாட்ஸ்அப்பில் அந்த எண்ணுக்கு ஒரு குரல் பதிவு அனுப்ப வேண்டும்: எங்கே நிற்கிறார், எங்கே போக வேண்டும், பஸ் ஏற்றியதா இல்லையா. எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை. எண்ணையும் எங்கள் பிரிவின் பெயரையும் அச்சடித்த ஸ்டிக்கர்களை வெருகலிலிருந்து சீனன்குடா வரைக்கும் சனி ஞாயிறுகளில் ஒட்டினோம். தங்கச்சி ஒரு வரைபடம் செய்தாள். ஒவ்வொரு பதிவும் வரும்போது அந்தத் தரிப்பிடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும்.

முதல் கிழமை ஒருவரும் பேசவில்லை. நான் அந்தத் தொலைபேசியைச் சந்தைக்கும் கோயிலுக்கும் கொண்டு திரிந்தேன். பிறகு திடீரென்று வரத் தொடங்கிவிட்டன. மீன் பெட்டியோடு ஏற்றமாட்டோம் என்று சொன்ன நடத்துநரைத் திட்டுகிற தோப்பூர்க்காரர். பின்னால் குழந்தை அழ, "பாருங்க, பாருங்க, இவனும் போறான்" என்று கத்துகிற கிண்ணியாப் பெண். காற்று மட்டும் இரைகிற பதிவுகள். நான் சோறு வடித்துக்கொண்டே கேட்டேன். சீப்பால் தலை இழுத்துக்கொண்டே கேட்டேன்.

அவற்றில் ஒரு குரல் மற்றவர்களைப் போல் இல்லை. திட்டாது, அலுத்துக்கொள்ளாது. "ஈச்சிலம்பற்று. பெரியாஸ்பத்திரிக்கு. ஏத்தேல்ல." அவ்வளவுதான். காலையில் வரும். சில நாட்களில் "ஏத்தினவன்" என்று வரும், அதிலும் மகிழ்ச்சி தெரியாது. இந்தப் பெண்ணுக்கு என்ன வருத்தமோ, ஏன் இப்படி அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள் என்று நான் கவலைப்பட்டேன். குரல் வராத நாட்களில் இன்னும் கவலைப்பட்டேன்.

நாங்கள் இறுதிச் சுற்றுக்குத் தெரிவான செய்தி வந்தது. வரைபடத்தையும் மூலப் பதிவுகள் முழுவதையும் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தங்கச்சி அலுவலகமெல்லாம் மஸ்கட் இனிப்புப் பகிர்ந்தாள். அந்தக் கிழமையே அந்த மனிதர் வந்தார்.

முப்பத்தைந்து நாற்பது வயதிருக்கும். சாரத்தை விட்டு நீளக் காற்சட்டை போட்டு வந்திருந்தார், அது அவருக்குப் பழக்கமில்லை என்பது தெரிந்தது. கதிரையின் நுனியில் இருந்து, தன் தொலைபேசியில் எங்கள் ஸ்டிக்கரின் படத்தைக் காட்டினார்.

"நான் ஈச்சிலம்பற்றில இருந்து வாறன் மிஸ். இது உங்கட நம்பர்தானே?"

"ஓம்."

"என்ட மனுசி இதுக்குக் கதைச்சு அனுப்பிறவ. அவவிட போனில இந்த நம்பரைக் கண்டனான், கதைச்சதை அழிச்சுப் போட்டா. என்ன கதைச்சவ எண்டு நான் ஒருக்காக் கேக்கலாமோ?"

"அது ஏலாது. ஒராள் அனுப்பினதை மற்ற ஆக்களுக்குக் குடுக்கிறேல்ல."

"நான் மற்ற ஆள் இல்லை, புருசன்."

"அப்ப அவவிட்டக் கேளுங்கோ."

"கேட்டனான். கிளினிக்குக்குப் போறன் எண்டுதான் சொல்லுறா. கிளினிக் கொப்பியைக் காட்டு எண்டா காட்டுறா இல்லை." தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். "வெளிநாட்டுக்குப் போகப் பாக்கிறா எண்டு ஊரில கதை, மிஸ். சின்னதுகள் ரெண்டு இருக்கு. நான் கடலுக்குப் போனா ஆர் பாக்கிறது?"

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் போடவில்லை. நான் மறுபடி ஏலாது என்றேன். எழும்பிக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். போனவர் வீட்டுக்குப் போகவில்லை. எதிர்ப்பக்க மர நிழலில், டவுனுக்குள் எங்கும் திரிகிற மான்கள் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், எங்கள் வாசலைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

தங்கச்சியின் திரையில் ஈச்சிலம்பற்றுப் புள்ளி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எந்தத் தரிப்பிடம், எந்த நாள், எந்த நேரம். இணையத்தில் ஏற்றினால் அவர் என்னிடம் வரத் தேவையில்லை. வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

"எல்லாத்தையும் அழிக்க வேணும்" என்றேன்.

"அழிச்சுப் போட்டு என்னத்தைக் கொண்டு போறது அக்கா? அந்த வரைபடத்தாலதான் எங்களைத் தெரிஞ்செடுத்தவங்க."

"ஒரு பொம்பிளைக்கு ஏதும் நடந்தா?"

"நடக்கும் எண்டு நீங்களா முடிவெடுக்கிறீங்க. அவவிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? அழைத்தால் அந்த மனிதர் எடுக்கலாம். செய்தி அனுப்பினால் அது தொலைபேசியில் கிடக்கும். இரண்டு நாள் அலுவலகத்துக்குள் நடந்து திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் லீவு போட்டு விடியற்காலை பஸ்ஸில் ஈச்சிலம்பற்றுக்குப் போனேன்.

தரிப்பிடத்தில் மூன்று பெண்கள் நின்றார்கள். குடை பிடித்திருந்த ஒருத்தி மற்றவளிடம் நேரம் கேட்டாள். அந்தக் குரல்தான். பக்கத்தில் போய், நான் யார் என்பதையும் அவளுடைய கணவர் வந்து போனதையும் மெல்லச் சொன்னேன். அவள் உடனே தெருவின் இரு பக்கமும் பார்த்தாள்.

"நீங்க என்ன சொன்னனீங்க?"

"ஒண்டும் சொல்லேல்ல."

மூச்சை விட்டாள். குடைக் கம்பியைத் திருகிக்கொண்டே சொன்னாள். டவுனில் வயதுபோன ஆட்களைப் பராமரிக்கிற வேலைக்கு ஒரு பயிற்சி நடக்கிறது. அதற்குத்தான் போகிறாள். ஆஸ்பத்திரிக்கில்லை.

"உங்களுக்கும் பொய் சொல்லிப்போட்டன். குறை நினைக்காதீங்கோ. அந்தப் பக்கம் ஆர் இருந்து கேக்கிறது எண்டு எனக்குத் தெரியாதே."

"வெளிநாட்டுக்குப் போறதுக்கோ?"

"எல்லாரும் அதைத்தான் கேக்கினம். போறதோ விடுறதோ எண்டு நான் இன்னும் யோசிக்கேல்ல. தொடங்கினதை முடிப்பம் எண்டு இருக்கிறன். முடிச்சாப் பிறகு அவருக்குச் சொல்லுவன்."

"நீங்க அனுப்பினது எல்லாத்தையும் அழிச்சு விடுறம். பயப்படாதீங்கோ."

அவள் நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். முகம் சுருங்கியது.

"குரலை அழியுங்கோ. நான் நிண்டதை ஏன் அழிக்கிறீங்க? மழைக்குள்ளயும் நிண்டனான்."

அதற்குள் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து பஸ் வந்தது. நாலு பேரும் கையை நீட்டினோம். மிதிபலகையில் தொங்கியவர்களோடு ஒரு பக்கம் சாய்ந்தபடி அது நிற்காமலே போனது. மற்ற இரண்டு பெண்களும் பைகளை நிலத்தில் வைத்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். எவ்வளவோ பதிவுகளைக் கேட்டிருந்தும் பஸ் கிளப்பிய தூசி என் வாய்க்குள் போனது அன்றுதான்.

திரும்பிவந்து தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு வேலையைத் தொடங்கினோம். குரல்களை அழித்தோம், தொலைபேசி எண்களை அழித்தோம். தனித்தனித் தரிப்பிடங்களை நீண்ட தெருத் துண்டுகளாகச் சேர்த்தோம், நாட்களைக் கிழமைகளாகச் சேர்த்தோம். நின்றவர்களின் கூட்டுத்தொகையில் ஒருவரையும் விடவில்லை. எரிகிற புள்ளிகள் போய், வீதியோரமாகச் சில தடித்த கோடுகள் மிஞ்சின. பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருந்தது. கடைசிக் குரலை அழிக்கும்போது தங்கச்சி எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டாள்.

கொழும்பில் குளிரூட்டிய மண்டபம். தங்கச்சி சிங்களத்தில் அழகாக விளக்கினாள். ஒரு நடுவர் கண்ணாடியைக் கழற்றி, மூலப் பதிவுகள் எங்கே என்று கேட்டார். அழித்துவிட்டோம் என்றேன். அப்படியென்றால் இதை எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் நாங்கள் இருவரும் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிட்டோம் என்று தங்கச்சி சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு நிறுத்த முடியவில்லை. ஏற்றியதா இல்லையா என்பதை நம்பலாம், எங்கே போகிறோம் என்று சொன்னதைச் சிலர் காரணத்தோடு மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். தங்கச்சி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

சந்திகளில் கமரா வைத்து வாகனங்களை எண்ணிய குழுவொன்று வென்றது. அவர்களுடையது நல்ல வேலைதான்.

திரும்பி வரும் பஸ் ஹபரணையில் தேத்தண்ணிக்கு நின்றபோது தங்கச்சி தொடங்கினாள்.

"அந்த மாத்திச் சொன்ன கதையை விட்டிருக்கலாம் அக்கா."

"விட ஏலாமப் போச்சு."

"உங்களுக்கு ஒண்டையும் சும்மா விட ஏலாது." சொல்லிவிட்டுத் தன் ரோல்ஸில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். கோபம் ஆறவில்லை என்பது அவள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டே நீட்டியதில் தெரிந்தது.

அந்த மண்டபத்தில் பின்வரிசையில் இருந்த போக்குவரத்து அதிகாரி ஒருவர் சில மாதங்கள் கழித்து அழைத்தார். வெருகல் தெருவின் காலை நேரக் கோட்டை மட்டும் அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். பிறகு, மட்டக்களப்பிலிருந்து வராமல் வெருகலிலிருந்தே காலையில் புறப்படுகிற ஒரு பஸ்ஸைப் பரீட்சார்த்தமாக விட்டார்கள். எங்கள் கோட்டைப் பார்த்துத்தான் விட்டார்களா, யாராவது வற்புறுத்தி விட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. மூதூருக்கு வரும்போது அதுவும் நிரம்பித்தான் வருகிறது என்று தங்கச்சி சொல்கிறாள். ஆனால் நிற்கிறது.

ஈச்சிலம்பற்றுப் பெண்ணை அதற்குப் பிறகு ஒரே ஒரு தரம், டவுன் பஸ் நிலையத்துக்கு எதிரே கண்டேன். பயிற்சி முடிந்துவிட்டதாம். உவர்மலையில் ஒரு வயதுபோன அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாளாம். பிள்ளைகளோடு டவுனிலேயே தன் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

"அவர்?"

"ஞாயிற்றுக்கிழமையில மீனோட வாறவர். பெரிசாக் கதைக்கிறேல்ல. நீங்க ஒண்டும் சொல்லேல்ல எண்டு உங்களில நல்ல கோவம்."

புது பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன்.

"ஓடுதெண்டு கேள்விப்பட்டனான். நான் இன்னும் அதில ஏறேல்ல" என்றாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. தெருவைக் கடந்து வேகமாகப் போனாள்.

இப்போது புல்மோட்டைத் தெருவுக்கு இதையே செய்யப்போகிறோம், போட்டி எதுவும் இல்லாமல். இந்தமுறை எங்கே போகிறீர்கள் என்ற கேள்வியை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். அது இல்லாமல் அட்டவணை பாதிதான் என்கிறாள் தங்கச்சி. ஸ்டிக்கர்கள் அச்சகத்தில் காத்திருக்கின்றன, நாங்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை.