ரோல்ஸ் ஆறுவதற்குள்

ஆரோக்கிய உணவுக்கான இயக்கம் எங்கள் கரையோரத்துக்கு வந்த நாள் முதல், அதனால் ஐயத்துக்கிடமின்றிப் பயன்பெற்றவர் ஒருவரே. அவர் பெயர் அப்துல் ஹமீட். மீன் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிக்கும் ரோல்ஸ் செய்து விற்பது அவருடைய தொழில்.

இதில் முரண்பாடு இருப்பதாக எண்ணும் வாசகர் கல்முனைப் பக்கத்தில் ஒரு செயலமர்விலேனும் அமர்ந்திருக்க மாட்டார். செயலமர்வு என்பது வரவேற்புரை, வளவாளரின் உரை, சிற்றுண்டிப் பொதி என்னும் மூன்றினால் ஆனது. முதலிரண்டும் மூன்றாவதற்காகப் பொறுத்துக்கொள்ளப்படுபவை. பொதியை முற்கூட்டியே கொடுத்தால் மண்டபம் காலியாகிவிடும் என்பதனால் அது எப்போதும் இறுதியிலேயே வழங்கப்படும். இவ்வொழுங்கை மீறிய ஏற்பாட்டாளர் ஒருவர் தம் நன்றியுரையை வெறும் கதிரைகளுக்கு ஆற்ற நேர்ந்தது.

ஹமீட் இளமையில் கொழும்பில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தவர். ஊர் திரும்பி, றபீக்காவை மணந்து, மனைவியின் வீட்டு அடுக்களையில் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் கடல் ஊருக்குள் வந்தது. அதன்பின் தொண்டு நிறுவனங்கள் வந்தன. கடல் அன்றைக்கே திரும்பிவிட்டது; நிறுவனங்கள் தங்கின. சமாதானம், வாழ்வாதாரம், அனர்த்த முன்னாயத்தம், பெண்களை வலுவூட்டல் எனத் தலைப்புகள் மாறிக்கொண்டிருந்தன. ரோல்ஸ் மாறவில்லை. மீனும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்த அதன் உள்ளீட்டை எத்தலைப்பின் கீழும் எவரும் ஆட்சேபித்ததில்லை. செவ்வாய், வெள்ளிகளில் மச்ச மாமிசம் தவிர்க்கும் காரைதீவு, பாண்டிருப்பு இந்து அன்பர்களுக்காக மரக்கறி உள்ளீட்டை முக்கோணமாக மடித்துத் தனியே வைப்பார். இன நல்லிணக்கத்துக்காக நடந்த பல கூட்டங்களில் நல்லிணக்கம் அந்த முக்கோணத்தில் மட்டுமே காணப்பட்டது.

எங்கள் பகுதியில் பெண்ணைப் பெற்றவன் அவளுக்கொரு வீட்டையும் பெற்றாக வேண்டும். ஹமீட்டுக்கு ஒரே மகள், நுஸ்ஹா. அவளுக்கான வீட்டின் அத்திவாரம் சமாதானத்தால் இடப்பட்டது. சுவர்கள் அனர்த்த முன்னாயத்தத்தால் எழும்பின. கூரைக்கு அவர் நீரிழிவை நம்பியிருந்தார். நம்பிக்கை வீண்போகவில்லை. உணவுப் பழக்கம் பற்றிய கூட்டங்கள் பெருகின. உள்ளூராட்சிச் சபை ஒன்றின் மாதாந்தக் கூட்டத்துக்கான சிற்றுண்டியும் அவர் கைக்கு வந்தது. அது எந்தச் சபை என்று இங்கே கூறப்போவதில்லை. பெயரைச் சொல்லாவிட்டால் எல்லாச் சபைகளும் தம்மைத்தான் என்று எண்ணிக்கொள்ளும். கூரை ஓட்டுக்கு முற்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்தவேளையில் நிகழ்ந்ததே இங்குக் கூறப்படுவது.

‘உணவுக் கொள்கையில் இளைஞர் பங்கேற்பு’ என்றொரு செயலமர்வு நடந்தது. மண்டபத்தில் எல்லாம் இருந்தன, இளைஞர்தாம் இல்லை. வந்திருந்தவர்களுள் வயதிற் குறைந்தவர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தார். இணைப்பாளர் நிப்றாஸ், தந்தையுடன் பொதிகளைச் சுமந்து வந்த நுஸ்ஹாவைக் கண்டார்.

“தங்கச்சி, உங்களுக்கு எத்தின வயசு?”

“இருவது.”

“மாஷா அல்லாஹ்! அந்தப் பெட்டிய வச்சுப்போட்டு இஞ்ச முன்னுக்கு வந்து இரிங்க.”

‘என் தட்டு, என் உரிமை’ என்று அச்சிட்ட டீசேர்ட் ஒன்று அவளுடைய அபாயாவுக்கு மேலாகப் போர்த்தப்பட்டது. படம் எடுக்கப்பட்டது. இளைஞர் பங்கேற்பு நிறைவேறியது. ஆயினும் ஏற்பாட்டாளர் எதிர்பாராத தவறொன்று அங்கே நேர்ந்துவிட்டது: அவள் உரையைக் கவனித்துக் கேட்டாள்.

கேட்டதோடு நில்லாமல் எழுந்து வினாவும் தொடுத்தாள். “சேர், சீனி வருத்தத்தப் பத்தி இவ்வளவு நேரம் கதைச்சீங்க. இப்ப ஏன் ரோல்ஸும் சோடாவும் குடுக்கிறீங்க?”

நிப்றாஸ் பொறுமையுடன் விளக்கினார். “அது விழிப்புணர்வு, தங்கச்சி. இது சாப்பாடு. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடா. அதோட, இது உங்கட வாப்பாட ரோல்ஸ்தானே?”

“ஓம், அதனாலதான் கேக்கிறன். அதுக்குள்ள எவ்வளவு எண்ணெய் போகுதெண்டு எனக்குத் தெரியும்.”

பாண்டிருப்பிலிருந்து கஜனி என்ற பெண்ணும் வேறு சிலரும் அவளோடு சேர்ந்தனர். அவர்கள் பதாகை பிடிக்கவில்லை, ஊர்வலம் போகவில்லை. அவ்வாறு செய்திருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். மாறாக, சபைக்கு ஒரு தீர்மானம் வரைந்தனர். அதில் இரண்டு பந்திகள் இருந்தன. பாடசாலை வாயில்களில் சோடாவும் பொரித்த பண்டங்களும் விற்கலாகாது என்பது முதலாவது. சபையின் எந்தக் கூட்டத்திலும் அவற்றைப் பரிமாறலாகாது என்பது இரண்டாவது.

அன்று அடுக்களையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த றபீக்கா கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்: “உன்ட ரெண்டாவது பந்தி ஆருட ஊட்டுக் கூரையப் பிரிக்கப்போகுதெண்டு தெரியுமா புள்ள?”

“தெரியும் உம்மா. என்ட ஊட்டுக் கூரைய.”

“அதுக்கு இன்னும் கூரையே இல்ல. இல்லாத கூரையப் பிரிக்கிற முதல் ஆள் நீதான்!”

ஹமீட் சமரசம் பேசினார். “முதலாவத மட்டும் குடுக்கேலாதா மகள்?”

“அவங்க சோடாவக் குடிச்சுக்கிட்டுப் புள்ளயளுக்குக் குடிக்காதே எண்டு செல்லேலுமா வாப்பா?”

அவர் வற்புறுத்தவில்லை. அவருக்குச் சபையைத் தெரியும். இளைஞர்களின் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் இறுதியாகவே வைக்கப்படும். இறுதி என்பது பொதி வரும் நேரம். பொதி வந்தபின் சபையில் எஞ்சுவது மேசை மட்டுமே. ஆகவே அவர் தம் கடமையைச் செய்தார். அதாவது, நேரத்துக்கு ரோல்ஸைக் கொண்டுபோனார்.

முதற் கூட்டத்தில் அவ்வாறே நடந்தது. இரண்டாவதிலும் அவ்வாறே. மூன்றாவதில் நுஸ்ஹா எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கியபோது ஹமீட் பெட்டிகளுடன் வாசலில் தோன்றினார். தவிசாளர் இப்றாஹிம் ஹாஜியார் கனிவே உருவானவர். அவர் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார்.

“மகள், உங்கட வாப்பாட ரோல்ஸ் ஆறுது. நாட்டத் திருத்துறத வாற மாசம் பாப்பம்.”

சபை சிரித்தது. பொதியைக் கையேற்ற உறுப்பினர் றஸ்மி, ஹமீட்டின் தோளில் தட்டிப் பாராட்டினார்: “ஹமீட் காக்கா, உங்கட மகள்ட வாய அடைக்க இத விட நல்ல சாமான் கடையில இல்ல!”

ஹமீட் வழக்கம்போல் புன்னகைத்தார். வாடிக்கையாளரின் பகடிக்குச் சிரிப்பதும் விலையில் அடக்கம். ஆனால் திரும்பி வரும் வழியில் முச்சக்கர வண்டியில் அந்தப் பகடியும் அவருடன் கூடவே வந்தது. தம் ரோல்ஸ் பசியை அடக்கவே செய்யப்படுகிறது என்று அவர் இத்தனை காலமும் எண்ணியிருந்தார். அது வேறெதையும் அடைக்கப் பயன்படும் என்பது அவருக்குப் புதிய செய்தி. அதிலும் அடைபட்டது தம் மகளின் வாய்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் அவர் நேரந்தவறாமல் வந்தார். வாசலில் நுஸ்ஹாவும் கஜனியும் நின்றிருந்தனர்.

“பொதி உள்ள போகாது, வாப்பா. முதல்ல கை உயரட்டும்.”

“ஆறினா அது ரோல்ஸ் இல்ல, மகள்.”

“அப்ப நீங்க கொண்டு போங்க. நான் உங்களப் பிடிச்சு இழுக்கமாட்டன்.”

அவர் தடுக்கப்படவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். கதவு திறந்தே இருந்தது. உள்ளே சென்றால் தீர்மானம் நான்காம் முறையும் அமைதியாக இறந்துவிடும், ஓடு வந்திறங்கும், வீடு முடியும், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கலாம். ஹமீட் கதவைப் பார்த்தார். பின்பு பெரிய பெட்டியைத் தூக்கிச் சென்று, சபை மண்டபத்தின் யன்னலுக்கு நேர் கீழே வைத்தார். மூடியைச் சற்றுத் தூக்கினார்.

கடற்காற்று எஞ்சிய வேலையைச் செய்தது.

உள்ளே வடிகான் ஒன்றைப் பற்றிய விவாதம் உச்சத்தில் இருந்தது. அதை ஆறு மாதமாக எதிர்த்துவந்த உறுப்பினர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, ஆழமாக மூச்சை இழுத்து, வடிகானுக்குச் சம்மதம் தெரிவித்து அமர்ந்தார். பாண்டிருப்பு உறுப்பினர் இளையதம்பி எழுந்தார்.

“தவிசாளர் அவர்களே, ஒரு தெளிவு வேணும். இண்டைக்குச் செவ்வாய். முக்கோணமும் வந்திட்டுதோ?”

“வந்திருக்கும், வந்திருக்கும். இன்னும் என்ன மிச்சம்?” என்று தவிசாளர் செயலாளரைக் கேட்டார்.

“இளைஞர்ட தீர்மானம், ஹாஜியார்.”

“அத வாசிக்கச் செல்லுங்க. கெதியா!”

நுஸ்ஹா வாசலில் நின்றபடியே இரண்டு பந்திகளையும் ஒரு சொல்லும் விடாமல், உரத்த குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பின்னாளில் எவரும் ஏமாற்றப்பட்டதாகக் கூற இயலாது. அனைவருடைய செவிகளும் திறந்திருந்தன. மூக்குகள் மட்டும் வேறிடத்தில் இருந்தன.

“சரி சரி, எல்லாரும் ஆதரவுதானே? கைய உயர்த்துங்க!”

கைகள் உயர்ந்தன. றஸ்மி இரண்டையும் உயர்த்தினார். பொரித்த பண்டங்களுக்கு எதிரான எங்கள் பிரதேசத்தின் முதலாவது கொள்கை, பொரித்த பண்டத்தை அடையும் அவசரத்தில் ஏகமனதாக நிறைவேறியது. நுஸ்ஹா வழிவிட்டாள். ஹமீட் பெட்டிகளை உள்ளே கொண்டுபோனார். ரோல்ஸ் ஆறியிருக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் பொதியைத் திறந்தபோது அவித்த கடலையும் தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளும் ஒரு கொய்யாப்பழமும் இருந்தன. எவரேனும் காலமானபோதுகூட அச்சபையில் அத்தகைய மௌனம் நிலவியதில்லை.

“இது ஆர் போட்ட சட்டம்?” என்று தவிசாளர் கேட்டார்.

“நீங்கதான் ஹாஜியார்,” என்றார் செயலாளர். “ஏகமனதா.”

சட்டத்தை நீக்கச் சட்டத்தில் இடமுண்டு. றஸ்மி உடனே நீக்கற் பிரேரணை ஒன்றைக் கொடுத்தார். புதிய பிரேரணையாதலால் அது நிகழ்ச்சி நிரலின் இறுதியில் வைக்கப்பட்டது. அங்கேதான் சிக்கல் தோன்றியது. முன்பு இறுதிவரை அமர்ந்திருக்க ஒரு காரணம் இருந்தது. கடலைக்காக எவர் அமர்ந்திருப்பார்? பாதிக் கூட்டத்திலேயே ஒருவர் பின் ஒருவராக அஸர் தொழுகைக்கும், வயலுக்கும், மைத்துனரின் சுகவீனத்துக்கும் எழுந்து சென்றனர். பிரேரணையின் முறை வரும்போது போதிய உறுப்பினர் இருப்பதில்லை. மாதந்தோறும் அது ஒத்திவைக்கப்பட்டு வருகிறது. நுஸ்ஹாவின் சட்டத்தை இன்று காத்துநிற்பது அதை வெறுப்பவர்களின் அவசரமே.

கடலைக்கான விலைக் கேள்விப்பத்திரத்துக்கு வேறெவரும் விண்ணப்பிக்காமையால் அதுவும் ஹமீட்டுக்கே கிடைத்தது. ஆனால் கடலை, ரோல்ஸைப் போல் வீடு கட்டாது. செயலமர்வு நடத்துவோரும் சபையைப் பார்த்து அச்சங்கொண்டனர். உண்மையாகவே பின்பற்றப்படக்கூடிய தலைப்புகளைத் தவிர்த்து, தட்பவெப்ப மாற்றத்துக்கு மாறிவிட்டனர்; வம்பு வேண்டாமென்று பொதியில் பிஸ்கட்டை வைத்தனர். கலியாண வீடுகளுக்கு ரோல்ஸ் கொடுத்து ஹமீட் சமாளிக்கிறார். ஓட்டுக்காரரிடம் சென்று, தகரத்துக்கு மாற்றிக்கொண்டார்.

சபையில் தீண்டப்படாத கடலைப் பொதிகளை முதல் மாதம் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். றபீக்கா அவற்றைப் பார்த்த பார்வைக்குப் பின், இரண்டாம் மாதம் கூட்டத்துக்கு மறுநாட் காலையிலேயே மீண்டும் சூடாக்கித் தாளித்து, பெண்கள் பாடசாலை வாயிலுக்குக் கொண்டுபோய் மலிவு விலைக்கு விற்றார். அங்கே முன்பு சோடா வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. வண்டிக்காரர் கடற்கரைக்குச் சென்றுவிட்டார். மாலையில் காற்று வாங்க வரும் சபை உறுப்பினர்களால் அவருக்கு ஒரு குறையுமில்லை. பிள்ளைகள் முதல் நாள் மூக்கைச் சுளித்தனர். ஒரு சிறுமி மிளகாய்த்தூள் கேட்டாள். மறுநாள் ஹமீட் மிளகாய்த்தூளும் தேசிக்காய் பிழிந்த புளியும் கொண்டுபோனார். இப்போது அங்கே பாடசாலை நாள்தோறும் விற்கிறார்; மிச்சம் வருவதில்லை.

மாரி தொடங்கிய அன்று மூவரும் புதிய வீட்டுக்குள் நின்றனர். தகரத்தில் மழை விழும்போது உள்ளே எவர் பேசுவதும் எவருக்கும் கேட்பதில்லை. சபைக்கு மாதந்தோறும் போய்வந்த ஹமீட்டுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. றபீக்கா மேலே கையைக் காட்டி ஏதோ உரத்துக் கூறினார். கேளாதது ஹமீட்டுக்கு நல்லதாயிற்று. பிறகு நுஸ்ஹா ஏதோ கூறினாள். அவர் அருகே சென்று காதைக் கொடுத்தார்.

“அடுத்தது கலியாண வீடுகள், வாப்பா. சோடாவும் வேணாம், பொரிச்ச சாமானும் வேணாம்.”

ரோல்ஸுக்கு எஞ்சியிருந்த இடமும் அதுதான். ஹமீட் ஒருகணம் தகரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“உன்ட கலியாணம் முடியட்டும், மகள். அதுக்குப் பிறகு தொடங்கு.”

“இல்ல வாப்பா. அதுலயிருந்துதான் தொடங்கோணும்.”

“என்னவாம்?” என்று றபீக்கா மழைக்கு மேலால் கத்தினார்.

“ஒண்டுமில்ல,” என்று ஹமீட் கத்தினார். “கடலைய இன்னும் கொஞ்சம் கூட ஊறப் போடட்டாம்!”